ஆக்சுவரி வேலைக்குப் பெரிய நிறுவனமா, சிறிய நிறுவனமா?

கேள்வி: கணிதத்தில் முதுகலை முடித்து, ஆக்சுவரி (காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் நிதி இடர்களைக் கணிதத்தால் மதிப்பிடுபவர்) ஆவதற்கான தேர்வில் 3 தாள்கள் தேறியிருக்கிறேன். இரண்டு ஆலோசனை நிறுவனங்கள் வேலை தர முன்வந்துள்ளன. ஒன்று பல நாடுகளில் கிளைகள் கொண்டது; அங்கே ஓய்வூதியத் திட்டங்களை மதிப்பிடும் பிரிவில் இடம். மற்றொன்றில் 30 பேர்தான். பொதுக் காப்பீட்டுப் பணி (வாகனம், தீ போன்ற, ஆயுள் அல்லாத காப்பீடு). சம்பளம் பெரிய நிறுவனத்தில் சற்று அதிகம். எதில் சேரலாம்?

பதில்: இந்தத் துறையில் பெரிய பெயர்கள் நிலைத்து நிற்பதில்லை. டவர்ஸ் பெரின், வாட்சன் வயாட் என்ற இரு ஆலோசனை நிறுவனங்கள் 2010-இல் இணைந்து டவர்ஸ் வாட்சன் ஆயின. 2016-இல் அதுவும் வில்லிஸ் என்ற காப்பீட்டுத் தரகு நிறுவனத்துடன் இணைந்தது. பின்னர் ஏயோன் நிறுவனத்துடன் இணைவதாக 2020-இல் அறிவிக்கப்பட்ட திட்டம் மறு ஆண்டே கைவிடப்பட்டது. இருந்த நாற்காலியை விட்டு நகராமலேயே ஆறு ஆண்டுகளில் இரண்டு முறை நிறுவனத்தின் பெயர் மாறக் கண்டவர்கள் உண்டு. ஆகவே பெயரை ஒதுக்கிவிட்டு, அன்றாடம் என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குவோம்.

ஓய்வூதிய மதிப்பீடு என்பது ஆயுட்காலம், வட்டி விகிதம், ஊதிய உயர்வு ஆகியவற்றைப் பல பத்தாண்டுகளுக்கு முன்னோக்கிக் கணிக்கும் நிதானமான வேலை. பல நிறுவனங்கள் குறிப்பிட்ட தொகையை உறுதியளிக்கும் திட்டங்களைப் புதிய ஊழியர்களுக்கு மூடிவிட்டன. பழைய திட்டங்கள் இன்னும் நெடுங்காலம் வேலை கொடுக்கும் என்றாலும், வளரும் துறை என்று அதை நான் சொல்ல மாட்டேன். பொதுக் காப்பீட்டிலோ, விபத்து நடந்துவிட்டது, ஆனால் இழப்பீடு கேட்டு எவரும் இன்னும் வரவில்லை என்ற நிலையில் இன்றைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கிவைப்பது என்பது போன்ற கேள்விகளோடு மல்லுக்கட்ட வேண்டும். கணிப்பு சரியா தவறா என்பதும் பெரும்பாலும் சில ஆண்டுகளில் தெரிந்துவிடும். கற்றுக்கொள்ளும் வயதில் அது பெரிய வாய்ப்பு. ஒரு பிரிவில் ஐந்தாறு ஆண்டுகள் ஊறிய பிறகு மறு பிரிவுக்குத் தாவுவது எளிதல்ல என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். ஆலோசனை நிறுவனம் விற்பது தன் ஊழியர்களின் மணிநேரத்தைத்தான். வாடிக்கையாளரிடம் கட்டணம் பெறத்தக்க நேரம் எவ்வளவு என்பதற்கு ஆண்டு இலக்கு இருக்கும். தேர்வுக்காகத் தரும் படிப்பு விடுப்பை அந்த இலக்கிலிருந்து கழிக்கிறார்களா, ஒரு தாளுக்கு எத்தனை நாள், தோற்றால் மறுமுறைக் கட்டணத்தை யார் செலுத்துவது, ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் அந்த விடுப்பு உண்மையில் கிடைக்கிறதா என்று இரு இடங்களிலும் கேளுங்கள். கடைசிக் கேள்வியை மட்டும் மேலாளரிடம் கேட்காமல், அங்கே இப்போது தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். இவற்றைக் கேட்டதற்காக எவரேனும் முகம் சுளித்தால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

சிறிய நிறுவனத்தைப் பற்றி எனக்கு ஓர் அச்சம் உண்டு. நீங்கள் போட்ட கணக்கைச் சரிபார்ப்பவர் ஒருவர், அறிக்கையில் கையெழுத்திடுபவர் வேறொருவர் என்று இருப்பதே நல்ல முறை. முழுத் தகுதி பெற்றவர் அங்கே ஒரே ஒருவர்தான் என்றால், அவருக்கு உங்கள் தவற்றைத் திருத்திக் காட்ட நேரம் இராது. அவர் விலகினால் நீங்கள் நடுவழியில் நிற்பீர்கள். குறைந்தது மூவர் இருந்து, படிப்பு விடுப்பைப் பணி ஒப்பந்தத்திலேயே எழுதித் தருவார்களானால், சிறிய நிறுவனத்தில் சேருங்கள். தேறும் ஒவ்வொரு தாளுக்கும் ஊதியம் உயர்த்துவது இத்துறையில் பரவலான வழக்கம் என்பதால், இன்றைய சம்பள வித்தியாசத்தைப் பெரிதாக எண்ண வேண்டாம். சிறிய நிறுவனத்தில் அந்த இரண்டும் அமையாவிட்டால் பெரிய நிறுவனத்தையே ஏற்றுக்கொண்டு, ஓராண்டுக்குப் பின் காப்பீட்டுப் பிரிவுக்கு மாற வழியுண்டா என்று சேருமுன்பே கேட்டுவையுங்கள்.