தவணையைக் கட்டிப் பார்த்துவிட்டு வீடு தேடுங்கள்

கேள்வி: அக்கா, நானும் கணவரும் மூன்று மாதமாக ஞாயிறுதோறும் வீடு பார்க்கிறோம். இதுவரை 14 வீடு ஆயிற்று. எனக்குப் பிடித்தால் அவருக்குப் பிடிப்பதில்லை. இரண்டு பேருக்கும் பிடித்தால் விலை எட்டுவதில்லை. திரும்பி வந்ததும் சண்டைதான். மாமியாருக்கு மூட்டுவலி, மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். தேட ஆரம்பிப்பதற்கு முன்னால் நாங்கள் செய்திருக்க வேண்டியது ஏதாவது விட்டுப்போயிற்றா?
- ஒரு வாசகி

பதில்: விட்டுத்தான் போயிருக்கிறது தங்கச்சி. ஆனால் இப்போதும் செய்யலாம். அடுத்த இரண்டு ஞாயிறு எந்த வீட்டையும் பார்க்கப் போகாதீர்கள். காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு எல்லோரும் வீட்டிலேயே உட்காருங்கள்.

முதலில் பணம். நான் 26 வருஷம் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் வேலை பார்த்தவள். என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர், "மேடம், எவ்வளவு கடன் கிடைக்கும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று யோசித்துவிட்டு வந்தவர்கள் குறைவு. வங்கி சம்பளச் சீட்டைப் பார்த்து ஒரு தொகை சொல்லும். உங்கள் மாமியாரின் மருந்துச் செலவும் மகளின் மேல்படிப்பும் அந்தச் சீட்டில் இருக்காது. அதை நீங்கள்தான் கழித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் நினைத்திருக்கும் கடனுக்கு மாதத் தவணை எவ்வளவு வரும் என்று பாருங்கள். இப்போது கொடுக்கிற வாடகையை அதில் கழியுங்கள். மிச்சத்தைச் சம்பளம் வந்த அன்றைக்கே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். ஆறு மாதம் அதைத் தொடாமல் குடும்பம் நடத்த முடிகிறதா? முடிந்தால் அந்தக் கடனை தைரியமாக வாங்குங்கள். மூன்றாம் மாதமே எடுக்க நேர்ந்தால் கடன் தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் சேர்ந்த பணம் உங்கள் முன்பணத்தில் சேரப்போகிறது.

இன்னொரு கணக்கையும் கணவரோடு உட்கார்ந்து பாருங்கள். ஆண்டு வட்டி 8 சதவீதம், 20 வருஷக் கடன் என்று வைத்துக்கொள்வோம். முதல் தவணையில் ஏறக்குறைய 80 சதவீதம் வட்டிக்கே போய்விடும். ஐந்து வருஷம் ஒரு மாதம் தவறாமல் கட்டிய பிறகும் அசலில் 87 சதவீதத்துக்கு மேல் அப்படியே நிற்கும். 20 வருஷ முடிவில் வாங்கிய கடனைப்போல இரண்டு மடங்கு கட்டியிருப்பீர்கள். அதையே 30 வருஷமாக நீட்டினால் 2.6 மடங்கைத் தாண்டும், 15 வருஷத்தில் முடித்தால் 1.7 மடங்கோடு நிற்கும். தவணை சின்னதாகத் தெரிகிறதே என்று காலத்தை நீட்டிக்கொண்டவர்கள், நாலைந்து வருஷம் கழித்துப் பாக்கியைக் கேட்டுவிட்டு வாயடைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். போனஸ் மாதிரி ஏதாவது கையில் வந்தால் முதல் சில வருஷங்களிலேயே அசலில் கட்டிவிடுங்கள். பலன் அப்போதுதான் அதிகம்.

வீட்டு விலையோடு செலவு முடியாது. பத்திரப் பதிவு, தரகு, சின்னச் சின்ன ரிப்பேர், சாமான் ஏற்றி இறக்கும் கூலி எல்லாம் உண்டு. இவற்றுக்குப் பிறகும் ஆறு மாதத் தவணை கையில் இருக்க வேண்டும். சேமிப்பை முழுக்க வழித்து முன்பணமாகக் கட்டிவிட்டு வந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பதறுகிறது.

இனி உங்கள் சண்டைக்கு வருகிறேன். நீங்களும் கணவரும் ஒருவர் எழுதுவதை ஒருவர் பார்க்காமல், 'இது இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம்' என்று மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள். மாமியாரையும் மகளையும் கேட்டு அவர்களுடையதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பேசுங்கள். அந்தப் பட்டியலில் தேறாத வீட்டுக்குப் போகவே வேண்டாம். பாதி அலைச்சல் குறையும். மாமியாரை அவசியம் கேளுங்கள். குளியலறை வாசலில் நிற்கும் ஒரு சாண் மேடு உங்கள் கண்ணில் படாது. அவர் முட்டிக்கு அது தினமும் ஆறேழு தடவை தெரியும்.

பார்க்கப் போகும்போது இஞ்சி டேப் எடுத்துப் போங்கள். கட்டில், பீரோ அளவைக் குறித்து வைத்திருங்கள். விளம்பரத்தில் போடும் பரப்பளவில் சுவரின் கனம், மாடிப்படி, பொதுவழி எல்லாம் சேர்ந்திருக்கலாம். சுவருக்கு உள்ளே எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

என் கதையையும் சொல்கிறேன். ஊருக்கெல்லாம் கடன் கோப்பு பார்த்த நான், சொந்த வீட்டை ஒரே ஒரு தடவை, காலை 11 மணி வெயிலில் பார்த்துவிட்டு முடிவு செய்தேன். புதுச் சுண்ணாம்பு வாசனை, பளிச்சென்று சுவர். முதல் மழையில் படுக்கையறைச் சுவரின் அடியில், முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்தது. விரல் வைத்தால் மாவு மாதிரி வெள்ளையாக உதிரும். தரையிலிருந்து சுவர் வழியே ஏறுகிற ஈரம் மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. தண்ணீர் காய்ந்ததும் உப்பு மட்டும் சுவரில் பூத்து நிற்கிறது. மேலே எத்தனை தடவை பெயிண்ட் அடித்தாலும் நிற்காது. அந்தச் சுவரை ஒட்டியிருந்த பீரோவில் மகளின் பள்ளிச் சான்றிதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து மின்விசிறியின் கீழே உலர்த்திய ராத்திரியை நான் மறக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், சுவரின் அடிப்பாகத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் தெரிந்தால் நின்று விசாரியுங்கள். சுவரோடு பதித்த அலமாரிகளைத் திறந்து முகர்ந்து பாருங்கள். இரண்டு மூன்று குழாயை ஒரே நேரத்தில் திறந்து தண்ணீர் வேகத்தைப் பாருங்கள். தண்ணீர் மீட்டர் இருந்தால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் பாருங்கள்; முள் நகர்ந்தால் எங்கோ கசிகிறது. மழை நாளில் ஒரு தடவை, வேலை நாள் ராத்திரி ஒரு தடவை தனியாகப் போய்த் தெருவில் நின்று பாருங்கள். மேற்கே பார்த்த படுக்கையறை என்றால் மாலை நாலு மணிக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: வீடு எல்லா வகையிலும் பிடித்துவிட்டது. "நாளைக்கே இன்னொருவர் முன்பணம் தர வருகிறார், இன்றே கொடுத்துவிடுங்கள்" என்கிறார் தரகர். பத்திர நகலைப் பிறகு தருகிறாராம். கொடுக்கலாமா?
- ஒரு வாசகர்

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. நகல் கைக்கு வந்து, உங்கள் வக்கீல் படித்த பிறகு கொடுங்கள். இதே மாதிரி அவசரத்தில் முன்பணம் கொடுத்துவிட்டு ஒருவர் என்னிடம் கடனுக்கு வந்தார். விற்றவரின் அப்பா பெயரில் இருந்த வீடு அது. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தார். மூன்று வாரிசுகளில் தங்கையிடம் மட்டும் யாரும் கையெழுத்துக் கேட்கவே இல்லை. கடன் கோப்பு அங்கேயே நின்றது. முன்பணத்தைத் திரும்ப வாங்க அந்த மனிதர் ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தார். யார் பெயரிலிருந்து யார் பெயருக்கு எப்படி வந்தது, எல்லா வாரிசும் கையெழுத்துப் போடுகிறார்களா, வீட்டின்மேல் ஏற்கெனவே கடன் அடமானம் உண்டா என்ற மூன்றையும் பார்க்காமல் பணத்தை வெளியே எடுக்க வேண்டாம். பிறகு கொடுக்கும்போதும், பத்திரத்தில் வில்லங்கம் தெரிந்தாலோ கடன் கிடைக்காவிட்டாலோ முன்பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வங்கி வழியாகக் கொடுங்கள். அந்த இன்னொருவர் நாளைக்கு வந்து வாங்கிக்கொண்டால் வாங்கிக்கொள்ளட்டும்.

கேள்வி: நாங்கள் பார்த்த பழைய வீட்டில் சுவர் விரிசல் இருக்கிறது. விட்டுவிடலாமா?
- மற்றொரு வாசகி

பதில்: எல்லா விரிசலும் ஆபத்தில்லை அம்மா. தலைமுடி அளவில் பூச்சில் மட்டும் ஓடுவது பெரும்பாலும் பூச்சு காய்ந்து சுருங்கியதால் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறினாலும், செங்கல் வரிசையில் படிக்கட்டு மாதிரி போனாலும், நாணயம் நுழையும் அகலம் இருந்தாலும் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். கட்டடப் பொறியாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். விற்பவரோ தரகரோ கூட்டிவரும் ஆள் வேண்டாம்.