நள்ளிரவில் வரும் டேட்டாவும் பத்தாம் வகுப்பு மகனும்

கேள்வி: வியாசர்பாடியில் ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் வசிக்கிறோம். பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் நள்ளிரவு தாண்டியும் போர்வைக்குள் போனில் விளையாடுகிறான். பிடுங்கினால் சாப்பிட மறுக்கிறான். வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருவதால் அடியோடு நிறுத்தவும் முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: போனைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கச் சொல்வது வழக்கம், சமைப்பதும் படுப்பதும் ஒரே அறையில் நடக்கும் வீட்டுக்கு அது உதவாது. ஆகவே, பகலில் எத்தனை மணி நேரம் பார்க்கிறான் என்ற கணக்கை இப்போதைக்கு விட்டுவிட்டு, இரவை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. இந்த வயதில் உடலின் உறக்க நேரம் இயல்பாகவே பின்தள்ளிப்போகிறது என்பதால், பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று அவன் சொல்வதைத் திமிராக எண்ண வேண்டாம். ஆனால் திரையின் வெளிச்சமும் ஆட்டத்தின் பரபரப்பும் அதை இன்னும் தள்ளிவிடுகின்றன.

ரீசார்ஜையும் கவனியுங்கள். தினசரி அளவுள்ள பிரீபெய்டு திட்டங்களில் புதிய டேட்டா பெரும்பாலும் நள்ளிரவு 12 மணிக்குத்தான் வரும். மாலையிலேயே தீர்த்துவிட்ட பிள்ளை அதற்காகவே விழித்திருக்கக்கூடும். பெற்றோர் பலர் இதை யோசிப்பதே இல்லை.

குழுவாக ஆடும் ஆட்டங்களில் ஒரு சுற்று அரை மணி நேரம்வரை நீளலாம். நடுவில் நிறுத்திவைக்க முடியாது, விலகினால் கூட்டாளிகளிடம் திட்டு வாங்க வேண்டும். அந்த நேரத்தில் பிடுங்குவதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். எனவே, 9.30 மணிக்கு மேல் புதுச் சுற்று தொடங்குவதில்லை என்று பகலிலேயே அவனுடன் பேசி முடிவு செய்யுங்கள். வீட்டுப்பாடத்தை 8 மணிக்குள் நோட்டில் எழுதி எடுத்துக்கொள்ளட்டும். 10 மணிக்கு உங்கள் போன் உட்பட எல்லாப் போன்களும் டிவிக்குப் பக்கத்தில் சார்ஜுக்குப் போகட்டும். உங்களுடையது கையில் இருந்தால் இந்த ஏற்பாடு இரண்டு நாள்கூடத் தாங்காது. கால்பந்துக்குப் பேர்போன பகுதியில் இருக்கிறீர்கள். பத்தாம் வகுப்பு என்று மாலை விளையாட்டை நிறுத்தியிருந்தால், திருப்பிக் கொடுங்கள்.

கட்டுப்பாடிழந்த விளையாட்டைக் கோளாறு என்று கணிக்க, அது பொதுவாக 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால், பள்ளிக்குப் போக மறுத்தாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்வேன் என்று சொன்னாலோ அன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பான். மேசைக் கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். இரவுப் பணிக்குப் போனவர்கள் அவசரத்துக்கு அழைக்க, பழைய பட்டன் போன் ஒன்று போதும்.