டேப் பிடிச்சு பாக்காம பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க

கேள்வி: அண்ணே, எனக்கு ஊரு திருமங்கலம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்கி நானே கொஞ்சம் கொஞ்சமா ரெடி பண்ணி வச்சுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. மதுரையில ஒரு புரோக்கர் 1966 மாடல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர்னு ஒரு சிவப்பு ஓப்பன் வண்டி காட்டுறாரு, செட்டிநாட்டு பங்களா வண்டியாம். இன்ஜின் மட்டும் மாருதி மாத்தியிருக்கு, ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகுது. ஆர்.சி. புக்கு தொலஞ்சு போச்சாம், 50 வருஷம் தாண்டிட்டதால புக்கே தேவையில்ல, வின்டேஜ் நம்பர் புதுசா வாங்கித் தர்றேன், அதுக்கு தனியா 60,000 ஆகும்ங்கிறாரு. வண்டி ஒன்பது லட்சம். இப்ப 50,000 அட்வான்ஸ் கேக்குறாரு, குடுக்கலாமா? போட்டோ அனுப்பியிருக்கேன்.

பதில்: குடுக்காதீங்க தம்பி. புரோக்கர் சொன்னதுல மூணு விஷயம் ஒண்ணுக்கொண்ணு ஒத்தே வரல. எப்படின்னு சொல்றேன், அதுக்கப்புறம் நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

முதல்ல வண்டி. நீங்க அனுப்புன போட்டோவுல பின் பக்கம் ரெண்டு ஓரத்துலயும் ஃபென்டர் மேல தூக்கி நிக்குது பாருங்க, முன் கண்ணாடியும் நல்லா உசரமா நிக்குது. ஸ்பிட்ஃபயர் அப்படி இருக்காது, தாழ்வா தரையோட ஒட்டுன மாதிரி இருக்கும். நான் பாத்த வரைக்கும் இது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, 1961ல இருந்து மெட்ராஸ்ல செஞ்சு நம்மூர்ல டாக்டரு, வக்கீலு எல்லாம் ஓட்டுன அதே வண்டி. ஹெரால்டுக்கு மேல்கூரைய போல்ட்டு போட்டுதான் மாட்டியிருப்பாங்க, கழட்டுனா கையோட வந்துரும், பின் சீட்டையும் தூக்கிட்டு செகப்பு பெயின்ட்ட அடிச்சா தெரியாத ஆளுக்கு இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காராத்தான் தெரியும். ஸ்பிட்ஃபயரே ஹெரால்டோட சேஸிஸ்ஸ, அதாவது அடிச்சட்டத்த, வெட்டிச் சின்னதாக்கி பண்ணுனதுதான், ரெண்டுக்கும் பானட் ஒரே துண்டா முன்னாடி பக்கம் சாயும், அதனால புரோக்கர் பானட்ட தூக்கிக் காட்டி "பாருங்க சார், ஸ்பிட்ஃபயர் பானட்டு"ன்னா அது ஒண்ணுமே இல்ல.

போட்டோ வச்சு நான் சொல்றத நம்ப வேண்டாம், அஞ்சு நிமிஷ வேலை ஒண்ணு இருக்கு. ஒரு டேப்ப எடுத்துட்டுப் போங்க. ஸ்டீயரிங்க நேரா வச்சுட்டு முன் வீல் நடு மையத்துல இருந்து பின் வீல் நடு மையம் வரைக்கும் அளங்க. ஸ்பிட்ஃபயர்னா 83 இன்ச் வரணும். ஹெரால்டுன்னா 91½ இன்ச். இடையில எட்டரை இன்ச் வித்தியாசம், எந்த பட்டியும் பெயின்ட்டும் இத மறைக்க முடியாது. வலது பக்கம் ஒரு தடவ, இடது பக்கம் ஒரு தடவ அளங்க, ரெண்டும் அரை இன்ச்சுக்கு மேல மாறுனா சேஸிஸ் எங்கயோ அடி வாங்கி கோணியிருக்குன்னு அர்த்தம், அந்த வண்டி எதுவா இருந்தாலும் விட்ருங்க. டேஷ்போர்டுக்கு முன்னாடி ரிவெட் அடிச்ச தகடு காட்டுவாய்ங்க, 1966 ஸ்பிட்ஃபயர்னா அதுல எஃப், சிங்கிற ரெண்டு இங்கிலீஷ் எழுத்துல ஆரம்பிக்கற நம்பர் இருக்கும், ஆனா தகடு எவனும் அடிச்சு மாட்டலாம், ரிவெட்டு புதுசா பளபளன்னு இருந்தா அதுவே போதும் தெரிஞ்சுக்கிறதுக்கு. டேப்பு பொய் சொல்லாது.

அடுத்து இன்ஜின். மாருதின்னு சொன்னா மாருதி 800ன்னு நெனச்சுக்காதீங்க. அந்த இன்ஜின் குறுக்க உக்காந்து முன் வீல ஓட்டுறது, இதுக்குள்ள அப்படி வைக்க முடியாது. வச்சிருந்தா மாருதி ஆம்னி வேனோட இன்ஜின், அதோட கியர்பாக்ஸுதான், 796 சிசி, மூணு சிலிண்டர். ஸ்பிட்ஃபயர்ல வந்தது 1147 சிசி, நாலு சிலிண்டர், ரெட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், 1966ல 67 குதிரை சக்தி. ஆம்னி இன்ஜின்ல அதுல பாதி சொச்சம்தான். ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகுதுன்னா ஆகத்தான் செய்யும், ஆம்னி இன்ஜினுக்கு என்ன குறை. ஒன்பது லட்சத்துக்கு நீங்க வாங்குறது கூரை கழட்டுன ஹெரால்டுக்குள்ள ஒரு ஆம்னி.

இப்ப அந்த வின்டேஜ் கதைக்கு வரேன். இதுல நான் கொஞ்சம் நிறுத்தி நிதானமாத்தான் சொல்லணும், ஏன்னா இந்த ஒரு ரூல சொல்லி ஏமாத்துறது இப்ப ரொம்ப அதிகமாயிருச்சு.

ரூல் இருக்கு, பொய் இல்ல. 2021 ஜூலையில மத்திய அரசு கொண்டு வந்தது. முதல்ல ரிஜிஸ்டர் பண்ணி 50 வருஷம் தாண்டுன, சொந்த உபயோகத்துக்கான டூவீலர், காருக்கு வி.ஏ.ன்னு நடுவுல எழுத்து வர்ற தனி நம்பர் குடுப்பாங்க. புதுசா பதிய ஃபீஸ் 20,000. பத்து வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. அதுக்கே புரோக்கர் 60,000 கேக்குறாரு, மிச்சம் எங்க போகுதுன்னு நீங்களே கேளுங்க.

ஆனா அதே ரூல்ல வண்டி ஒரிஜினலா இருக்கணும்னு இருக்கு. சேஸிஸ், பாடி, இன்ஜின், இதுல எதையும் மாத்தியிருக்கக்கூடாது. ஆம்னி இன்ஜின் வச்ச வண்டி அங்கயே அவுட். கூரைய அறுத்திருந்தா பாடியும் அவுட். மாநில அளவுல கமிட்டி பாத்துத்தான் சரின்னு சொல்லணும், அவங்க பானட்ட தூக்குன அடுத்த நிமிஷம் கதை முடிஞ்சிரும்.

ரெண்டாவது, புக்கு தேவையில்லங்கிறது சுத்தப் பொய். ஏற்கனவே இந்தியாவுல பதிஞ்ச வண்டின்னா பழைய ஆர்.சி.ய அப்ளிகேஷன்கூட வைக்கச் சொல்லுது ரூலு, இறக்குமதி வண்டின்னா கஸ்டம்ஸ்ல குடுத்த பில் ஆஃப் என்ட்ரி வைக்கணும். இன்சூரன்ஸும் வேணும். ஒண்ணும் இல்லாம வெறும் வண்டிய மட்டும் காட்டி நம்பர் வாங்குற வழி அந்த ரூல்ல எங்கயுமே கிடையாது. ஏற்கனவே பதிஞ்ச வண்டிக்கு பழைய நம்பரையே வச்சுக்க விடுறாங்க, அப்ப ஒழுங்கான புக்கு இருக்கறவன் எதுக்கு புது நம்பர் தேடப் போறான்.

மூணாவது, இத யாரும் சொல்றதில்ல, வி.ஏ. நம்பர் வாங்குனா தெனமும் ஓட்ட முடியாது. ராலி, கண்காட்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான் ரோட்டுக்கு எடுக்கலாம். ஞாயித்துக்கெழம காலையில வீட்டம்மாவ கூட்டிக்கிட்டு அழகர்கோவில் போயிட்டு வரலாம்னு நெனச்சா அதுக்கு இந்த நம்பர் ஆகாது. ஓட்டுறதுக்குத்தான் வண்டின்னா சாதா ஆர்.சி.யத்தான் அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிச்சுக்கிட்டு போகணும். 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டுன காருக்கு புதுப்பிக்கிற ஃபீஸ் 10,000 ஆக்கிட்டாங்க, அதுவே இறக்குமதி காருன்னா 80,000. பாத்துக்கிருங்க, உண்மையிலேயே ஸ்பிட்ஃபயரா இருந்தா அது இறக்குமதி வண்டி. நம்மூர்ல அது செஞ்சதே இல்ல. இதோட பசுமை வரி தனி, விட்டுப்போன மாசத்துக்கெல்லாம் அபராதம் தனி.

புக்கு நெசமாவே தொலஞ்சிருந்தா அதுக்கும் வழி இருக்கு. புக்குல பேரு இருக்கற ஓனரு போலீஸ்ல எழுதி வாங்கி, ஃபார்ம் 26 போட்டு டூப்ளிகேட் எடுக்கணும். ஓனர் தவறிட்டாருன்னா வாரிசு, வாரிசு சான்றிதழோட ஃபார்ம் 31 போட்டு முதல்ல தன் பேருக்கு மாத்திக்கணும், அப்புறம்தான் 29, 30 போட்டு உங்களுக்கு. இதுல எந்த எடத்துலயும் புரோக்கர் கையெழுத்துக்கு வேலையே இல்ல. செட்டிநாட்டு பங்களா வண்டின்னா அந்த பங்களாக்காரங்க யாரு, அவங்க போன்ல பேசட்டும்னு கேளுங்க. மதுரையில பழைய வண்டி விக்கிற புரோக்கர்ல பாதிப் பேரு செட்டிநாட்டு பங்களா வண்டின்னும் மீதி பாதி கொடைக்கானல் தொரை வச்சிருந்ததுன்னும் சொல்றாய்ங்க, ஒருத்தன்கூட அந்த வீட்டு அட்ரஸ் சொன்னதில்ல.

சரி, ஒழுங்கா புக்கு இருந்தா மட்டும் சுலபமாங்கிறீங்களா, அதுவும் இல்ல. கையால எழுதுன பழைய புக்கு கம்ப்யூட்டர்ல ஏறியே இருக்காது. முதல்ல பழைய ரெக்கார்ட தேடி ஏத்தணும், அதுக்கப்புறம்தான் எந்த அப்ளிகேஷனும் நகரும். ஒரு ஆபீஸ்ல எனக்கு தெரிஞ்ச ஒருத்தருக்கு அந்த லெட்ஜரு எந்த அலமாரியில இருக்குன்னு சொல்லவே ஆள் இல்லாம மாசக்கணக்குல அலைய விட்டாங்க, வண்டிய லாரியில ஏத்திக் கொண்டு போய் காட்டிட்டு திரும்பக் கொண்டு வர்ற வாடகையே ஒரு இன்ஜின் வேலைக்கு ஆயிருக்கும். அறுபது வருஷ வண்டிய ஒருத்தன் கைக்காசு போட்டு காப்பாத்துறான், அவனுக்கு ஒரு ஜன்னல், ஒரு ஆளு, ஒரு தேதி சொல்ல முடியாதா? இப்படி அலைய விடுறதாலதான் புரோக்கருக்கு பொழப்பு ஓடுது.

இவ்வளவும் சொன்னதால ஹெரால்டு மட்டமான வண்டின்னு எடுத்துக்காதீங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச வண்டி அது. புதுசா கத்துக்கறவங்களுக்கு அதைவிட நல்லது கிடையாது. பானட்ட சாச்சா டயர் மேலயே உக்காந்து வேலை பாக்கலாம், பாடிய தனியா கழட்டி சேஸிஸ்ஸ தனியா பாக்கலாம். ஒரிஜினல் இன்ஜின், கூரை, ஓனர் பேருல புக்கு, இது மூணும் இருக்கற ஹெரால்டு கெடச்சா ஸ்பிட்ஃபயர் ஆசையில பெரும்பகுதி தீந்துரும்.

அப்படி ஒண்ணு வாங்குனா ஒரே ஒரு விஷயத்துல மட்டும் மெக்கானிக் பேச்ச கேக்காதீங்க. முன் வீல் திரும்புற எடத்துல கீழ ட்ரனியன்னு ஒரு பித்தளை கட்டி இருக்கும், அதுக்குள்ள மரை போட்ட இரும்புத் தண்டு இறங்கியிருக்கும். அதுல நிப்பிள் இருக்கறத பாத்ததும் நம்ம ஆளுங்க கிரீஸ் கன்ன வச்சு அமுக்கிடுவாங்க. கிரீஸ் கீழ வரைக்கும் எறங்காது, மழைத்தண்ணி எறங்கும், உள்ளுக்குள்ளயே மரை துருப்பிடிச்சு ஒரு நாள் வளைவுல தண்டு முறிஞ்சு வீலு மடங்கிப் படுத்துரும். அங்க போட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கன்னுல ஆயில ஊத்தி, மேல கசிஞ்சு வர்ற வரைக்கும் அடிக்கணும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவ. வண்டி பாக்கப் போறப்பவே முன் வீல ஜாக்கி போட்டு தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, ட்ரனியன் வாயில செங்கப்பொடி மாதிரி துரு உதிர்ந்தா ரெண்டு பக்கமும் புதுசு மாத்துற செலவ வெலையில கழிச்சுப் பேசுங்க.

பெட்ரோலும் அப்படித்தான். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் டியூப உள்ளுக்குள்ளயே இளக்கி விட்ரும். வாங்குன உடனே டேங்க்ல இருந்து கார்புரேட்டர் வரைக்கும் எத்தனால் தாங்குற டியூபா மாத்திருங்க, நம்ம வெயில்ல சூடான இன்ஜின் மேல பெட்ரோல் ஒழுகுனா வண்டியே மிஞ்சாது. மாசக்கணக்குல நிறுத்துறதா இருந்தா டேங்க்க காலி பண்ணிட்டு நிறுத்துங்க.

இப்போதைக்கு புரோக்கர்கிட்ட பழைய ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர், சேஸிஸ்ல குத்துன நம்பரோட போட்டோ, புக்குல இருக்கற ஓனர் பேரு, இந்த மூணு மட்டும் கேளுங்க. குடுத்தாருன்னா டேப் அளவையும் சேத்து அனுப்புங்க, ஹெரால்டு வெலைக்கு எவ்வளவு கேக்கலாம்னு சொல்றேன். நாளைக்குத் தர்றேன், முதல்ல அட்வான்ஸ் போடுங்க, வேற பார்ட்டி வர்றாங்கன்னா போனை வச்சுருங்க.