மரபு வில்லில் என் அம்பு ஒருமுறை மேலேயும் ஒருமுறை கீழேயும் போவது ஏன்?

குறி பார்க்கும் கருவி இல்லாத வில்லில் இதற்குப் பெரும்பாலும் காரணம் நிலைப்புள்ளி மாறுவதுதான். நாணை முழுதாக இழுத்ததும் கை முகத்தில் வந்து நிற்கும் இடத்தைத்தான் அப்படிச் சொல்கிறோம். மூன்று விரலால் இழுப்பவர்கள் பலர் ஆள்காட்டி விரலை வாயோரத்தில் வைப்பார்கள்.

அம்பின் பின்முனைதான் இங்கே குறி பார்க்க உதவும் பின்பக்கப் புள்ளி. கை அரை அங்குலம் இறங்கினால் பின்முனையும் இறங்கும், முன்முனை நிமிரும், அம்பு மேலே போய்விடும். வாயோரம் வரை இழுக்காமலே விட்டால் அது வேறு சிக்கல். முழு இழுப்பை நெருங்கும்போது ஒவ்வோர் அங்குலத்துக்கும் வில்லின் விசை சுமார் 2, 3 பவுண்டு கூடும். அந்த அங்குலம் குறைந்தால் வேகமும் குறைந்து அம்பு தாழ்ந்துவிடும்.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவுகிறவர்களைப் பாருங்கள். முன்பு வெட்டிய கோட்டை ஒட்டியே, அதே சரிவில் கத்தி உட்காரும். ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் சரியாக வராது. வில்லுக்கும் அந்த நிதானம்தான் வேண்டும்.

சரி, எப்படிப் பழகுவது? பெரிய இலக்குப் பலகைக்கு 3 மீட்டர் தள்ளி நின்று, குறியே பார்க்காமல் எய்யுங்கள். விரல் வாயோரத்தைத் தொட்டதா, விட்ட பிறகு கை கன்னத்தை ஒட்டியே பின்னால் போனதா என்பதை மட்டும் கவனியுங்கள். பலகைக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் கூடாது.

விசை கூடிய வில் வாங்கினால் அம்பு நேராகப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள்; இழுக்கத் திணறும் வில்லில் கை வாயோரத்தை எட்டும் முன்பே நாண் நழுவிவிடும், தொடக்கத்தில் பெரியவர்களுக்கே 20 முதல் 25 பவுண்டு விசை போதும்.