இத்தனை சிக்கனம் பிடித்தும் மாதக் கடைசியில் ஏன் கை கடிக்கிறது?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம்; ஒரு மகள் இருக்கிறாள். வீட்டில் எதையும் வீணாக்குவதில்லை. ஆள் இல்லாத அறையில் விளக்கு எரியாது, துணி துவைக்கும் இயந்திரம் நிறைந்தால்தான் ஓடும், பட்டியல் எழுதாமல் கடைக்குப் போவதில்லை. எல்லாவற்றுக்கும் நோட்டில் கணக்கு உண்டு. அப்படியும் மாதக் கடைசியில் கை கடிக்கிறது. 14 மாதங்களுக்கு முன் கணவரின் தம்பி அவசரத் தேவை என்று கேட்டபோது எங்கள் கிரெடிட் கார்டைக் கொடுத்தோம். மாதாமாதம் வரும் குறைந்தபட்சத் தொகையை அவர் தவறாமல் கொடுத்துவந்தார்; கடந்த 5 மாதங்களாகத்தான் பாதி தருகிறார், மீதியை நாங்கள் போடுகிறோம். வீட்டுச் சாமான்களுக்கும் அதே கார்டுதான். அந்தச் செலவை மட்டும் முழுதாகக் கட்டிவிடுகிறோம். நிலுவையைத் தவணையாக மாற்றித் தருவதாக வங்கியிலிருந்து அழைக்கிறார்கள். சில்லறையைத் தானாகச் சேர்த்து முதலீடு செய்யும் செயலி ஒன்றைத் தோழி பரிந்துரைக்கிறாள். வேறு எந்தச் செலவைக் குறைக்கலாம்?

பதில்: நீங்கள் எழுதியிருந்த தொகைகளை இங்கே வெளியிட விரும்பவில்லை. உங்கள் இருவரின் மாத வருமானத்தை 100 பங்கு என்று வைத்துக்கொண்டு பேசுவோம், கணக்கெல்லாம் தோராயமானதுதான்.

சிக்கனத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் எதுவும் இல்லை. நோட்டைப் பார்த்து ஒன்றே ஒன்று சொல்லத் தோன்றியது. 9 வாட் எல்இடி விளக்கை நாளொன்றுக்கு 5 மணி நேரம் கூடுதலாக அணைத்து வைத்தால் மாதத்துக்கு 1.35 யூனிட் மின்சாரம் மிஞ்சும். 2,000 வாட் வெந்நீர்க் கருவியைத் தினமும் 10 நிமிடம் குறைத்தால் மிஞ்சுவது 10 யூனிட். உங்கள் நோட்டில் விளக்குக்கு ஒரு பக்கம் முழுதும் இருக்கிறது, வெந்நீருக்கு ஒரு வரிகூட இல்லை. கிரெடிட் கார்டுக்கும் இல்லை என்பதுதான் என்னைக் கவலைப்பட வைத்தது.

உங்கள் கொழுந்தனார் செலவழித்தது 200 பங்கு, அதாவது உங்கள் இரண்டு மாத வருமானம். அறிக்கையில் உள்ள வட்டி மாதத்துக்கு 3 சதவீதம். குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம். ஆகவே கட்டுகிற ஒவ்வொரு 5 பங்கிலும் 3 பங்கு வட்டிக்குப் போய்விடுகிறது, அசலில் கழிவது 2 பங்குதான். இந்தக் கணக்கில் 14 மாதங்களில் அவரும் நீங்களுமாகக் கட்டியிருப்பது சுமார் 123 பங்கு. கடன் குறைந்திருப்பதோ 50 பங்கு மட்டுமே. இன்றும் 150 பங்கு அப்படியே நிற்கிறது. இதே வேகத்தில் போனால் அந்த 150 பங்கு பாதியாவதற்கே இன்னும் ஏறக்குறைய 3 ஆண்டுகள் பிடிக்கும். மாதம் 3 சதவீதம் என்பது கேட்கச் சிறிதாக இருக்கிறது. கூட்டுவட்டியாக ஆண்டுக்குப் பார்த்தால் 42 சதவீதத்தைத் தாண்டுகிறது.

இதற்குள் இன்னொரு நஷ்டமும் ஒளிந்திருக்கிறது. வீட்டுச் சாமான்களுக்கான 30 பங்கை முழுதாகக் கட்டுவதால் அதற்கு வட்டி இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கிரெடிட் கார்டில் வட்டியில்லா நாட்கள் பொதுவாக முந்தைய நிலுவை முழுவதையும் தீர்த்தவர்களுக்குத்தான் கிடைக்கும். பழைய பாக்கி ஒன்று நின்றுகொண்டிருக்கும்வரை, நீங்கள் பட்டியல் போட்டு, விலை ஒப்பிட்டு வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது. அறிக்கையின் முதல் பக்கத்தில் குறைந்தபட்சத் தொகை பெரிய எழுத்தில் இருக்கும். அதைவிட்டு உள்பக்கங்களில் நிதிக் கட்டணம் (வட்டியைத்தான் அப்படிக் குறிப்பிடுவார்கள்) என்ற வரியைத் தேடிப் பாருங்கள். என் கணக்கில் உங்கள் சாமான்களுக்கான வட்டி மட்டும் மாதம் 1 பங்கு வரும். கொழுந்தனாருக்காக நீங்கள் போடும் பாதித் தொகை 4 பங்குக்குச் சற்றுக் குறைவு. ஆக, நீங்கள் பார்த்துப் பார்த்து மாதம் மிச்சப்படுத்துவது 4 பங்கு, கார்டுக்குக் கொடுப்பது 5 பங்கு.

நிலைவைப்பில் 300 பங்கு வைத்திருக்கிறீர்கள்; மகளின் படிப்புக்கு என்று ஒதுக்கியதால் அதைத் தொடுவதில்லை என்கிறீர்கள். அந்த உணர்வு எனக்குப் புரிகிறது, ஆனால் அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அதிகம். 150 பங்குக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி என்றால் 9 பங்கு வரும்; கார்டில் நிற்கும் 150 பங்குக்கு ஆண்டு முழுவதும் வட்டி கட்டினால் 54 பங்கு போகும். வைப்பில் பாதியை முறித்து நிலுவையை ஒரே தவணையில் தீர்த்துவிடுங்கள். முன்கூட்டி முறிப்பதற்காகக் கொஞ்சம் வட்டியைக் குறைப்பார்கள், அதைப் பொருட்படுத்த வேண்டாம். மீதி 150 பங்கு அவசரத்துக்குக் கையில் இருக்கும். கட்டும்போது, சில வாரங்களுக்கு முன் அச்சான அறிக்கைத் தொகையை நம்பாமல், அன்றைய தேதிக்கு மொத்த நிலுவை எவ்வளவு என்று வங்கியிடம் கேட்டுக் கட்டுங்கள். அதற்கு அடுத்த அறிக்கையில் சிறு வட்டி ஒன்று எஞ்சி வரக்கூடும். எதற்கு இது என்று குழம்பாமல் அதையும் முழுதாகத் தீர்த்துவிட்டு, அதன் பிறகே அந்தக் கார்டில் சாமான் வாங்குங்கள். கார்டு எண் கொழுந்தனாரின் கைபேசியில் இன்னும் பதிவாகி இருந்தால், பழையதை முடக்கிப் புதிய எண் வாங்கிக்கொள்வது நல்லது.

வங்கி சொல்லும் தவணை மாற்றத்துக்குச் சம்மதிக்க வேண்டாம். மாதம் 1.25 சதவீதம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 24 மாதங்களுக்கும் முழு அசலின் மீது கணக்கிடும் வட்டி அது. பாதி அசலை நீங்கள் திருப்பிக் கட்டிய பிறகும் முழு அசலுக்கும் வட்டி வாங்குவார்கள் என்பதால், உண்மை விகிதம் மாதம் 2.2 சதவீதத்துக்கு அருகில், அதாவது கூட்டுவட்டியாக ஆண்டுக்கு 30 சதவீதம் அளவில் வருகிறது. வைப்பில் பணமே இல்லாதவர்களுக்கு அது 42 சதவீதத்தைவிடப் பரவாயில்லை எனலாம், உங்களுக்குத் தேவையில்லை.

கொழுந்தனாரிடம் பேசுவதுதான் இதில் கடினமான வேலை, அதை உங்கள் கணவர் செய்வதே முறை. அவரைக் குற்றவாளியாக நிறுத்தாதீர்கள். மாதம் தவறாமல் கட்டியவர், தன் கடன் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்றே நம்பிக்கொண்டிருப்பார். ஒரு தாளில் 200, 123, 150 என்ற மூன்று எண்களையும் எழுதி அவர் முன் வையுங்கள். இனி அவர் வங்கிக்குக் கட்ட வேண்டியதில்லை. உங்களுக்கு மாதம் 7.5 பங்கு கொடுத்தால் வட்டியில்லாமல் 20 மாதங்களில் முடிந்துவிடும். பாதிதான் முடியும் என்றால் 40 மாதங்கள் ஆகும், அப்போதும் கடன் வளராது. இதை எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் கொடுக்காமலே போய்விட்டாலும் இழப்பு அந்த 150 பங்கோடு நிற்கும். மறுபடியும் கார்டு கேட்டால், உங்களால் இயன்ற தொகையைப் பணமாகக் கொடுங்கள்; கார்டைக் கொடுக்காதீர்கள்.

அந்தச் செயலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 42 சதவீத வட்டிக் கடனை வைத்துக்கொண்டு, சில்லறையைச் சேர்த்து ஆண்டுக்கு 10 சதவீதம் வராதா என்று காத்திருப்பதில் பொருளில்லை. அதற்கான கட்டணம் எவ்வளவு என்றும் உங்கள் தோழி சொல்லவில்லை. கொழுந்தனார் திருப்பித் தரும் 7.5 பங்கை, வந்த அன்றே மகளின் வைப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.