திருகோணமலைக்குக் குடும்பத்தோடு போகிறோம், போட்டோகிராபர் ஒருவரைத் தனியாகப் பிடிப்பது பிரயோசனமா?

பிரயோசனம்தான். ஆனால் நாள் முழுக்க வேண்டாம். ஒரு பின்னேரம், இரண்டு மணித்தியாலம், ஒரே ஒரு இடம். அவ்வளவுக்குப் பிடியுங்கள்.

ஆகஸ்ட் மாதம் அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகளோடு நிலாவெளியில் வந்து தங்கப் போவதாகவும், எல்லாருடைய கையிலும் நல்ல போன் இருக்கும்போது இதற்கு வேறு காசு செலவழிக்க வேண்டுமா என்று வீட்டுக்காரர் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் உப்புவெளிக்காரி. வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் விடுமுறைக்கு வந்தால் முதலில் பெட்டி இறக்குவது எங்கள் வீட்டில்தான். அவர்களுக்கு வான் பிடிப்பது, நல்ல மீன் வாங்கிக் கொடுப்பது, போட்டோகிராபர் தேடிக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போன் படத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வெளிச்சம் சரியாக இருந்தால் அதுவும் அழகாகத்தான் வரும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. திரும்பிப் போய்ப் படங்களைப் பார்த்தால், எடுத்த ஆள் ஒன்றிலும் இருக்கமாட்டார். வயதானவர்கள் இருந்தாலும் ஓரத்தில்தான் இருப்பார்கள். எங்கள் பெரியம்மா ஒருமுறை வந்து போனபோது எடுத்த படங்களில், அவ இருக்கும் எல்லாவற்றிலும் மடியில் மற்றவர்களின் துவாய், கையில் யாரோ ஒருவரின் மூக்குக்கண்ணாடி. கடலுக்கு வந்தவ மாதிரியே இல்லை, சாமானுக்குக் காவல் இருக்க வந்தவ மாதிரி.

அடுத்தமுறை வந்தபோது அவவின் மகள் பிடிவாதமாக நின்று ஒரு போட்டோகிராபரைக் கூப்பிட்டா. அந்தத் தம்பி செய்த முதல் வேலை, பெரியம்மாவின் மடியில் இருந்த துவாயை வாங்கித் தன்னுடைய பையின் மேல் போட்டதுதான். கமராவைப் பிறகுதான் வெளியே எடுத்தார். காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நின்று, "அம்மா, என்னைப் பார்க்காதேங்கோ, பேத்தியைப் பாருங்கோ" என்று மட்டும் சொன்னார். பேத்தி அலைக்கு ஓடி வர, பெரியம்மா சேலைக் கரையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒரு அடி வைக்கிறா. வாய் முழுக்கச் சிரிப்பு. அவ அப்படிச் சிரிக்கிற படம் எங்கள் குடும்பத்தில் வேறு யாரிடமும் இல்லை. உங்கள் வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். காசு கமராவுக்கு இல்லை, எல்லாரையும் ஒரே நேரத்தில் சும்மா இருக்க விடும் ஒரு ஆளுக்கு.

அடுத்தது, பின்னேரம் என்று ஏன் சொன்னேன் என்பது. வருகிறவர்கள் எல்லாரும் சூரிய உதயம் வேண்டும் என்றுதான் கேட்பார்கள். எங்களுடையது கிழக்கைப் பார்த்த கரை. சூரியன் கடலுக்குள் இருந்து எழும்பும். விடியற்காலையில் கடலைப் பின்னால் வைத்து நின்றால் வெளிச்சம் முதுகில் விழும், முகம் இருட்டாகிவிடும். பிள்ளை துள்ளுவதை, இரண்டு பேர் கைகோர்த்து நடப்பதை நிழலுருவமாக எடுக்க அது அருமையான நேரம். ஆனால் முகம் தெரிய வேண்டும் என்றால் நீங்கள் கடலைப் பார்த்து நிற்க வேண்டும். அப்போது பின்னால் வருவது கடல் இல்லை, தென்னையும் ஹோட்டல் மதிலும்தான்.

பின்னேரம் இது அப்படியே மாறிவிடும். 4.30 மணிக்குப் பிறகு சூரியன் தரைப் பக்கம், தென்னை மரங்களுக்கு மேல் சாய்ந்து நிற்கும். கடலுக்கு முதுகு காட்டி நின்றால் மஞ்சள் வெயில் நேரே முகத்தில் விழும், பின்னால் கடல் நீலமாகவே இருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் போனால் தென்னை நிழல் மணலில் நீண்டு தண்ணீரைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு கண் கூசாது, வயதானவர்களுக்கு அந்த நேரம்தான் தோது. ஆகஸ்டில் 6 மணி தாண்டித்தான் சூரியன் மறையும் என்பதால் 4.30க்குத் தொடங்கினால் இரண்டு விதமான வெளிச்சமும் கிடைக்கும். மேற்குக் கரையில் பழகிய போட்டோகிராபர் என்றால் இதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. அங்கே பின்னேரச் சூரியன் கடல் பக்கம், இங்கே தலைகீழ்.

மத்தியானம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆகஸ்ட் கடைசியில் நண்பகல் சூரியன் திருகோணமலைக்கு நேர் உச்சியில் நிற்கும். கண்குழிக்குள் நிழல் விழுந்து எல்லாரும் களைத்துப் போனவர்கள் மாதிரி இருப்பார்கள். மணலும் கால் வைக்க முடியாத சூடு.

காற்றையும் கவனிக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் இங்கே கச்சான் காற்று வீசும். தரையிலிருந்து கடலுக்குப் போகும் வறண்ட காற்று அது. கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் உங்களுக்கு அது முகத்தில் அடிக்கும், கூந்தல் பின்னால் பறக்கும். படத்துக்கு நல்லதுதான். கடற்காற்று எழும்பினால் கதை வேறு, முடி முழுக்க முகத்துக்கு வரும். சேலை கட்டுகிறவர்கள் முந்தானைக்கு இரண்டு ஊசி கூடக் குத்துங்கள், பிள்ளைகளுக்கு முடியைப் பின்னிவிடுங்கள். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் உடுப்பு வாங்கவும் வேண்டாம். உங்கள் அப்பா வழக்கமாகப் போடும் சேட்டில்தான் அவர் அவராக இருப்பார்.

ஆளைத் தேடுவது பற்றி. இங்கே படம் எடுப்பவர்களில் பெரும்பாலானோருக்குப் பிழைப்பு கல்யாண வீடும், கல்யாணத்துக்கு முதல் சோடியை வைத்து எடுக்கும் பிரீஷூட்டும்தான். குடும்பப் படங்களை இடைக்கிடைதான் எடுத்துக் கொடுப்பார்கள். உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடி மாதம், சைவக் குடும்பங்கள் கல்யாணம் வைப்பதில்லை. அப்போது கேட்டால் நாள் கிடைக்கும், காசும் பேசித் தீர்க்கலாம். ஆவணி பிறந்துவிட்டால் நல்ல நாட்கள் எல்லாம் கல்யாணங்களுக்குப் போய்விடும். அப்படியென்றால் வாரநாளாகக் கேளுங்கள்.

அவர்களுடைய பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்து மயங்காதீர்கள். அங்கே இருப்பது பத்துக் கல்யாணங்களில் தெரிந்தெடுத்த பத்துப் படங்கள். நான் எப்போதும் கேட்பது ஒன்றுதான்: "ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் எடுத்துக் கொடுத்த முழுப் படங்களையும் காட்டுங்கோ தம்பி." அதில் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லாப் படத்திலும் கமராவைப் பார்த்து விறைத்துக்கொண்டு நின்றால் அவர் உங்களுக்கு வேண்டாம். பிறகு ஒருதரம் போனில் கதையுங்கள். வயதானவர்களோடு பொறுமையாகப் பழகக் கூடியவரா என்பது இரண்டு நிமிடக் கதையிலேயே தெரிந்துவிடும். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் எல்லாரும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள். உங்கள் அம்மாவுக்குப் புரியும் மொழியில் அன்பாக இரண்டு வார்த்தை சொல்லத் தெரிந்தவர் என்றால் வேலை பாதி முடிந்த மாதிரி.

ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். படத்தைத் திருத்தும்போது தோலை வெளுப்பாக்கக் கூடாது. சித்தி குடும்பத்துக்கு ஒருவர் எடுத்துக் கொடுத்த படங்களில் எல்லாருக்கும் மாப்பூசினது மாதிரி முகம். கழுத்து ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம். சித்தியின் மகளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. படத்தைப் பார்த்துவிட்டு, "நான் இப்படி இருந்தால்தான் வடிவா அம்மா?" என்று கேட்டாள். சித்தி அந்தப் படங்கள் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பி, மாற்றாத படங்களை வாங்கினா. கேட்காமல் விட்டால் பலர் அதை ஒரு மரியாதை என்று நினைத்துச் செய்துவிடுவார்கள். அதனால் பேசும்போதே சொல்லிவிடுங்கள்: எங்கள் நிறம் எங்கள் நிறமாகவே வர வேண்டும், அம்மாவின் சுருக்கமும் அப்படியே இருக்க வேண்டும்.

இடம் என்றால், நீங்கள் தங்கும் இடத்துக்கு முன்னால் இருக்கும் கடற்கரையே போதும். பிள்ளைக்குப் பசித்தால், அம்மாவுக்குக் கால் வலித்தால் உடனே அறைக்குப் போய் வரலாம். ஒரே நாளில் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், புறாமலைத் தீவு என்று கமராவையும் இழுத்துக்கொண்டு ஓடினால் எல்லாப் படத்திலும் அவசரம்தான் தெரியும்.

கோணேஸ்வரத்துக்குப் போட்டோகிராபரோடு போவதை நான் பொதுவாகத் தடுப்பேன். சம்பந்தர் பாடிய தலம் அது, கும்பிடப் போங்கள். கோயில் இருக்கும் பிரட்றிக் கோட்டையின் வாசல் தாண்டி ஏறும் வழியில் மான்கள் நிற்கும், பிள்ளைகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். மலை உச்சியில், இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவின் பக்கம், பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள் மரத்தில் கட்டிவிட்ட சின்னச் சின்னத் தொட்டில்கள் தொங்கும். அதற்கு முன்னால் நின்று கண் மூடிக் கும்பிடுகிற ஒருத்தியின் தோளுக்கு மேலால் கமரா நீட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனம் பொறுக்காது. வெளியே நின்று கடல் தெரிய ஒரு குடும்பப் படம் எடுக்க ஆசை என்றால் போனில் எடுங்கள். அங்கே செங்குத்துப் பாறை, காற்றும் பலம், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கோட்டைக்குள் இராணுவ முகாமும் இருக்கிறது, அந்தப் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம்.

ட்ரோன் பற்றிச் சிலர் ஆசை காட்டுவார்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் அதைப் பறக்கவிட முடியாது. இந்த ஊரில் கடற்படைத் தளம், சீனக்குடாவில் விமானப்படைத் தளம், கோட்டைக்குள் இராணுவம். அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவர் என்றால் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள்.

புறாமலைக்குப் போகத்தான் வேண்டும், ஆனால் அது நீந்திப் பார்க்கும் இடம். 2003 முதல் தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட்டும் படகுக் காசும் வேறு, போட்டோகிராபரும் வந்தால் அவருக்கும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். கரை முழுக்க உடைந்த பவளத் துண்டுகள், வெறுங்காலில் நடந்தால் குத்தும். தண்ணீருக்குள் படம் எடுக்க விருப்பம் என்றால் சின்னத் தண்ணீர்க் கமரா ஒன்று போதும். தயவுசெய்து படத்துக்காகப் பவளத்தின் மேல் ஏறி நிற்க வேண்டாம், பிள்ளைகளையும் நிற்க விட வேண்டாம். பார்க்கக் கல் மாதிரித் தெரியும், ஆனால் உயிருள்ளது. மிதிபட்ட இடம் திரும்ப வளரப் பல வருடம் எடுக்கும்.

காலையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தால் உங்களுக்கும் படம் எடுக்க ஆசை வரும். முதலில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடமோ முன்னுக்கு நிற்பவரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள், பிள்ளைகளையும் கயிறு பிடிக்கக் கூப்பிடுவார்கள். கயிற்றைத் தாண்டி மட்டும் போகாதீர்கள். வலை கரைக்கு வந்ததும் கொஞ்ச மீன் வாங்குங்கள், அறையில் சமைத்துத் தரச் சொல்லலாம்.

கடைசியாகக் காசு விஷயம். நாள் கணக்கில் பேசாமல் மணித்தியாலக் கணக்கில் பேசுங்கள். திருத்திய படம் எத்தனை தருவார், மிச்சப் படங்களையும் தருவாரா, எத்தனை நாளில் தருவார், போக்குவரத்துச் செலவு அதற்குள் அடக்கமா என்பதையெல்லாம் வட்ஸ்அப்பில் எழுத்திலேயே கேட்டுப் பதில் வாங்குங்கள். பிள்ளைகளின் படங்களை அவருடைய பக்கத்தில் உங்களைக் கேட்காமல் போடக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அட்வான்ஸ் கொடுப்பது வழக்கம்தான், முழுக் காசையும் முதலே கொடுக்க வேண்டாம். மழையோ காய்ச்சலோ வந்தால் வேறு நாள் தருவாரா என்றும் கேளுங்கள். அதனால் தங்கும் நாட்களில் கடைசிப் பின்னேரத்தை இதற்கு வைக்காமல் இரண்டாவது பின்னேரத்தை வையுங்கள். பிள்ளைகளுக்கும் அதற்குள் கடல் பழகியிருக்கும்.

படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், பெரிதாக அச்சடிக்க உதவாது. கூகுள் டிரைவில் முழு அளவில் போட்டு லிங்க் தரச் சொல்லுங்கள். அந்த லிங்க்கைத் திறந்து, எல்லாப் படமும் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு மிச்சக் காசைக் கொடுங்கள்.