கம்பி தளரும் இடம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கையிலுள்ள கைப்பிடியோடு இரண்டு கம்பிகளால் இணைந்து, நம்மைச் சுற்றி வட்டமாகப் பறக்கும் கண்ட்ரோல் லைன் மாதிரி விமானங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நானும் 12 ஆண்டுகளாக அவற்றைச் செய்து பறக்கவிட்டு வருபவன். தொடக்கத்தில் ஐந்து பேர் சேர்ந்து பறக்கவிடுவோம். ஒருவர் எஞ்சினை முடுக்குவார், ஒருவர் வாலைப் பிடித்துக்கொள்வார், ஒருவர் கம்பிகளைச் சிக்கில்லாமல் விரிப்பார். இன்று நான் மட்டுமே மிஞ்சியிருக்கிறேன். ஓய்வு கிடைக்கும் நாளில் காற்று வீசுகிறது. காற்று அடங்கும் நாளில் தூறல் விழுகிறது. சென்ற ஓராண்டில் இரண்டே முறைதான் பறக்கவிட முடிந்தது. மூன்று விமானங்கள் சுவரில் தொங்குகின்றன. காற்றடிக்கும் நாளில், துணைக்கு ஆளில்லாமல் பறக்கவிட முயல்வது அறிவீனமா? அல்லது நான் தேவைக்கு மேல் தயங்குகிறேனா?

தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு இடர்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. காற்றைப் பயிற்சியால் பெருமளவு சமாளிக்கலாம். ஆளில்லாத குறையை ஒரு எளிய கருவியாலும் முன்னேற்பாட்டாலும் பெருமளவு ஈடுசெய்யலாம். ஆனால் இரண்டும் ஒரே நாளில் சேர்ந்தால் பறக்கவிடக் கூடாது என்பதே என் முடிவு. காற்று அடங்கிய நாளில் தனியாகவும், காற்றடிக்கும் நாளில் ஒருவர் துணையோடும் தயங்காமல் பறக்கவிடுங்கள்.

ஒரு விமானத்தை இழந்த பிறகே இந்த முடிவுக்கு வந்தேன். விட்டுவிட்டுக் காற்று வீசிய ஒரு நண்பகலில் தனியாகப் பறக்கவிட்டேன். மூன்றாவது சுற்றில், காற்று வரும் திசையில் விமானம் இருந்தபோது கம்பிகள் தளர்ந்தன. வழக்கம்போல் வேகமாகப் பின்னால் நகர்ந்தபோது, வாலைப் பிடித்திருந்த கருவியிலிருந்து விமானத்தை விடுவிக்க நான் இழுத்திருந்த கயிறு காலில் சுற்றிக்கொண்டது. அந்த ஒரு நொடித் தாமதம் போதுமானதாக இருந்தது. இரண்டு மாதம் செலவிட்டு, பால்சா என்ற இலேசான மரத்தில் செய்த இறக்கை நொறுங்கிப்போயிற்று. காற்று மட்டும் இருந்திருந்தால் பின்வாங்கித் தப்பியிருப்பேன். கயிறு மட்டும் கிடந்திருந்தால் பின்வாங்க வேண்டிய தேவையே வந்திருக்காது.

இந்த விமானங்களுக்குக் காற்று ஏன் பகையாகிறது என்பதை எண்களோடு புரிந்துகொள்வது நல்லது. 1.5 கிலோ எடையுள்ள விமானம் 20 மீட்டர் கம்பியில் ஒரு சுற்றை 5.2 நொடியில் முடிக்கிறது என்றால், அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 24 மீட்டர். கையில் உணரும் இழுவை சுமார் நாலரை கிலோ, அதாவது விமானத்தின் எடையைப் போல் மூன்று மடங்கு. இந்த இழுவை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், எதிர்காற்றில் வேகம் கால் பங்கு குறைந்தாலே இழுவை பாதியளவுக்கு இறங்கிவிடும். அதே நேரத்தில், சுற்றின் காற்று முகத்தில், அதாவது காற்று வரும் பக்கத்தில், விமானம் இருக்கையில், காற்று அதை உங்களை நோக்கித் தள்ளுகிறது. 1940-களில் ஜிம் வாக்கர் யூ-கண்ட்ரோல் என்ற பெயரில் பரப்பிய ஏற்பாடுதான் இன்றும் நம் விமானங்களுக்குள் இருக்கிறது: இரண்டு கம்பிகளும் பெல்கிராங்க் என்ற சிறு நெம்பைத் திருப்ப, அது ஒரு தண்டின் வழியாக, விமானத்தை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டரை அசைக்கிறது. கம்பியில் இழுவை இருக்கும்வரைதான் இது வேலை செய்யும். தளர்ந்த கம்பியில் கைப்பிடியை எப்படித் திருப்பினாலும் விமானத்துக்குச் செய்தி போய்ச் சேராது. அப்போது செய்ய வேண்டியது, கையை உடலை நோக்கி இழுத்தபடி விரைந்து பின்னால் நகர்ந்து கம்பியை மீண்டும் இறுக்குவது ஒன்றே. ஆகவே உங்களுக்குப் பின்னால் தரை எப்போதும் வெறுமையாக இருக்க வேண்டும்.

காற்றடிக்கும் நாளுக்கு, சுவரில் தொங்கும் மூன்றில் கனமும் வேகமும் மிகுந்த ஒன்றை எடுங்கள். இலேசான விமானம் பத்திரமானது என்று தோன்றும். காற்றில் முதலில் அலைக்கழிவது அதுதான். வேகத்தை மாற்றாமல் கம்பியை 20 மீட்டரிலிருந்து 18 மீட்டராகக் குறைத்தால் இழுவை ஒன்பதில் ஒரு பங்கு கூடுகிறது, கம்பியின் காற்றுத்தடையும் குறைகிறது. முழு அளவு விமானங்கள் காற்றை எதிர்த்து மேலெழுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இங்கே நேர்மாறாகச் செய்ய வேண்டியிருக்கிறது: காற்று வாலுக்குப் பின்னாலிருந்து வரும் இடத்தில், அல்லது அதைச் சற்றே தாண்டி, விமானத்தை விடுங்கள். அங்கிருந்து புறப்பட்டால் அது தரையை விட்டு எழும் நேரத்தில் காற்று அதை உங்களிடமிருந்து வெளியே தள்ளிக் கம்பியை இறுக்கும். காற்று முகத்துக்கு வருவதற்குள் போதிய வேகமும் சேர்ந்திருக்கும். சாகசங்களை முதுகில் காற்றுப்படும்படி நின்று செய்யுங்கள். தொடர்ந்து செங்குத்தாக வளையம் போட்டால் ஒவ்வொரு வளையத்திலும் விமானம் வேகமெடுக்கும் என்பதால், பலத்த காற்றில் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இடத்தைத் தேர்வதிலும் ஒரு பிழை பலரிடம் இருக்கிறது. காற்றுக்கு மறைவாக மரங்களோ கட்டடங்களோ உள்ள இடத்தைத் தேடுகிறார்கள். ஒரு தடையின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தொலைவுக்கும் அப்பால்கூடக் காற்று சுழன்று குழம்பிக்கொண்டிருக்கும். திறந்த வெளியில் சீராக வீசும் காற்று, மறைவில் சுழலும் மெல்லிய காற்றைவிடப் பல மடங்கு நம்பத்தக்கது. வெயில் ஏறத் தரை சூடாகிக் காற்றும் வலுப்பதால், விடிந்த உடனே கிடைக்கும் ஒரு மணி நேரத்தை வீணாக்காதீர்கள். தனியாகப் பறக்கவிட ஏற்ற நேரம் அதுவே.

இனி ஆளில்லாத குறை. வாலைப் பிடித்துக்கொள்ளும் நண்பரின் வேலையைச் செய்யும் கருவியை இத்துறையினர் ஸ்டூஜ் என்பார்கள். தரையில் ஆழமாக அறைந்த முளை, வால் சக்கரத்தின் கம்பியைக் கவ்வும் ஒரு முள், அந்த முள்ளை விடுவிக்க உங்கள் கை வரை வரும் கயிறு, இவ்வளவுதான். எஞ்சின் முழு வேகத்தில் இழுக்கும்போதும் முள் எளிதாக விடுபடுகிறதா என்று விமானத்தைக் கையால் முன்னோக்கி இழுத்தபடி பலமுறை சோதித்துக்கொள்ளுங்கள். கயிறு விஷயத்தில் என் அனுபவத்தை முன்பே சொன்னேன். விடுவித்த கணமே ரப்பர் பட்டையால் சுருங்கி வட்டத்துக்கு வெளியே போகும்படி அதை அமைத்திருக்கிறேன். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் எப்போதும் இறக்கைக்குப் பின்புறமாகச் சுற்றிச் செல்லுங்கள். சுழலும் புரொப்பெல்லரைத் தாண்டிக் கை நீட்டாதீர்கள். மின்மோட்டார் விமானமானால், பொத்தானை அழுத்தியபின் 30 நொடி கழித்து ஓடத் தொடங்கும்படி டைமரை வைத்துக்கொண்டு, நிதானமாக நடந்து வந்து மணிக்கட்டில் பாதுகாப்பு வாரை மாட்டிக் கைப்பிடியை எடுக்கலாம். தனியாகப் பறக்கவிடுபவர்களுக்கு மின்மோட்டார் மிகவும் உகந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் ஸ்டூஜுக்குக் கண் கிடையாது. விமானத்தைப் பார்த்தபடி சுழலும் உங்களுக்குப் பின்னால் ஒரு குழந்தையோ நாயோ வட்டத்துக்குள் நுழைந்தால், மூன்று நொடிக்குள் விமானம் அந்த இடத்துக்கு வந்துவிடும். உங்கள் பழைய நண்பர்களைப் போல எஞ்சினும் கம்பியும் அறிந்த நால்வரைத் தேடுவதை நிறுத்திவிடுங்கள். வட்டத்துக்கு வெளியே நின்று யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளவும், வந்தால் உரக்கக் கத்தவும் ஒருவர் போதும். வீட்டிலுள்ளவரோ அடுத்த வீட்டு மாணவரோ ஐந்து நிமிடத்தில் இதைக் கற்றுக்கொள்வார். அந்த மாணவர் பலமுறை வந்து பார்த்தால் கைப்பிடியைக் கேட்பார். அப்போது தயங்காமல் கொடுங்கள். தனியாக வரும் நாளில், வட்டத்துக்குச் சில மீட்டர் வெளியே கொடிகள் நட்டு, ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் மட்டும் பறக்கவிடுங்கள்.

தூறல் நின்றபின் பறக்கவிடலாம். ஒரு வளையம் போட்டால் கம்பிகள் ஒன்றையொன்று ஒரு முறை சுற்றிக்கொள்ளும்; ஈரத்தில் அப்படிச் சுற்றிய கம்பிகள் ஒட்டி, எலிவேட்டரை மந்தமாக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். தொலைவில் இடி கேட்டாலும் கைப்பிடியைக் கீழே வைத்துவிட வேண்டும். 20 மீட்டர் எஃகுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திறந்த வெளியில் நிற்கும் நமக்கு இதில் விலக்கே கிடையாது. மின்கம்பிகளுக்கு அருகிலும் அப்படியே.

ஓராண்டாகத் தொங்கும் விமானங்களை எடுத்தவுடன் கொண்டு போய்விடாதீர்கள். பெல்கிராங்கைத் தாங்கும் பலகையில் விரிசல் இருக்கலாம், கம்பி முனைகளில் துரு ஏறியிருக்கலாம். போட்டிகளில் விமானத்தின் எடையைப் போல் 10 மடங்கு விசையில் கைப்பிடியை இழுத்துச் சோதிப்பது வழக்கம், 1.5 கிலோ விமானத்துக்கு அது 15 கிலோ. ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, கைப்பிடியில் ஒரு வில்தராசை மாட்டி நீங்கள் இழுங்கள். வட்டத்துக்கு வெளியே நிற்கப் போகிறவரையே இதற்கும் அழைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்